மல்லிகையும் அப்பா நட்ட செடியும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். அப்பா போய் இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. தேவாரங்களும் படங்களும் முடிந்தபின் மகள் எழுதிய பக்கம் ஒன்றும் இருக்கவேண்டும் என்று அம்மா சொன்னார். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றும் யாருடைய அப்பாவைப் பற்றியும் எழுதக்கூடியவையாக இருந்தன. நான்காவது முறை எழுத உட்காரும் முன், செடி விஷயத்தையும் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதை எழுதாமல் வேறை என்னத்தை எழுதப்போறாய்?" என்றார்.

ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோடைகளுக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு செய்தி போட்டேன். அப்பா உங்களுக்குத் தந்த செடி மல்லிகை அல்ல, அது அலரியின் இனம், நஞ்சு, பிள்ளைகள் வந்துபோகும் வீடுகளில் உடனே பிடுங்கிவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். உங்களில் பதினொரு வீட்டாரிடம் அந்தச் செடி இருந்தது. நான் எழுதியது பிழை. அப்பா உங்களுக்கு நஞ்சு தரவில்லை. இதை அவர் இருக்கும்போதே நான் சொல்லியிருக்கவேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதையும், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா வடமராட்சியில் கடலோரக் கிராமம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் இரண்டு தங்கைகள். ஒருவர் ஸ்ட்ரெதமில் இருக்கும் மாமி. கடைசித் தங்கை சிறுவயதிலேயே தவறிவிட்டார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அப்பா அதைப் பற்றிப் பேசியதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டு சுவிஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அங்கேயே அம்மாவை மணந்தார், அங்கேயே நான் பிறந்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தபோது லண்டனுக்கு வந்துவிட்டோம். மொழி தெரியாமல் தான் பட்ட பாட்டை மகள் படக்கூடாது என்பதே காரணம் என்று அம்மா சொல்வார். ஆங்கிலமும் அவருக்கு அப்போது தெரியாது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை போலும்.

இங்கே அவர் பஸ் சாரதியானார். இருபத்துநான்கு ஆண்டுகள் தென் லண்டன் தெருக்களில் ஓட்டினார். ஓடிவரும் பயணியைக் கண்ணாடியில் கண்டால் நின்று ஏற்றுவார், அதனால் வரும் தாமதத்துக்கு மேலாளரிடம் பேச்சும் வாங்குவார். வீட்டில் எங்கள் காரை எடுக்கும்போதும் பழக்கம் விடாது. "எல்லாரும் இருந்தாச்சே? கதவு பூட்டுறன்" என்று சொல்லாமல் கிளப்பமாட்டார். என் கணவர் முதன்முறை அந்தக் காரில் ஏறியபோது, இறங்குவதற்கு மணி அடிக்கவேண்டுமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. "அடிச்சாலும் பஸ் தரிப்பிலைதான் நிப்பாட்டுவன்" என்றார்.

அவர் ஓட்டிய பாதையில், லூயிஷாமுக்குச் சற்று முன்னால், ஒரு தரிப்பிடம் இருந்தது. அதன் பின்னால் ஒரு வீட்டின் மதில் முழுவதும் கொடி ஒன்று படர்ந்திருந்தது. ஜூன் மாதத்தில் அங்கே கதவைத் திறந்தால் பஸ்ஸுக்குள் மல்லிகை வாசம் வந்துவிடும் என்று அப்பா வீட்டில் சொன்னார். அம்மா நம்பவில்லை.

"இந்தக் குளிருக்குள்ளை மல்லிகையோ? உங்களுக்கு மூக்கிலை ஏதோ கோளாறு."

ஒரு விடுமுறை நாளில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பயணியாக அந்த பஸ்ஸில் ஏறி, அந்தத் தரிப்பில் இறங்கி, மதிலடியில் நிறுத்தி மணக்கச் சொன்னார். வீட்டுக்காரப் பெண்மணி யன்னலைத் திறந்து பார்த்தார். அப்பா தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்க, அவர் அது ஜாஸ்மின் என்று சொல்லி ஒரு கொத்தும் முறித்துத் தந்தார். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமிப் படத்துக்கு வைத்தார். அன்றிலிருந்து அப்பாவின் மூக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓய்வு பெற்ற வாரமே அந்தச் செடி வாங்க அப்பா தோட்டக்கடைக்குப் போனார். எனக்கு அப்போது புதிதாகக் கல்யாணமாகியிருந்தது, நானும் போனேன். அங்கே இரண்டு சாடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் வெறுமனே ஜாஸ்மின் என்று எழுதியிருந்தது. மற்றதில் ஸ்டார் ஜாஸ்மின் என்று இருந்தது. முதலாவதின் இலை ஏழு சிற்றிலைகளாகப் பிரிந்து, கறிவேப்பிலை இணுக்கு மாதிரி இருந்தது. இரண்டாவதின் இலை ஒற்றை இலை. கரும்பச்சையாக, மினுமினுப்பாக, ஊர் மல்லிகையின் இலையைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

"இதென்ன மல்லிகை, ரசத்துக்குப் போடுறதோ?" என்று முதலாவதைத் தள்ளி வைத்தார். "உதுதான் பிள்ளை. இலையைப் பார். எங்கடை சாதி."

நானும் பார்த்து, ஓம் அப்பா, இதுதான் என்றேன். ஆகவே அந்தத் தவறில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

தவறு என்னவென்றால், நாங்கள் தள்ளி வைத்த கறிவேப்பிலை இலைக்காரிதான் மல்லிகையின் உடன்பிறப்பு. ஊர் மல்லிகையும் அதுவும் ஒரே பேரினம். தொட்டால் கிழியும் மெல்லிய இதழ், காம்பை முறித்தால் வெறும் நீர், இரண்டுக்கும் அப்படித்தான். ஒலிவ மரம்கூட அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம். நாங்கள் கொண்டுவந்ததோ வேறு குடும்பம். வெள்ளை நிறமும் வாசமும் இலையின் சாயலும் இருந்தாலும் அவர்களுக்குள் கிட்டிய உறவே இல்லை. அதன் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகத் திரும்பிக் காற்றாடி போல இருக்கும். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அலரி எல்லாவற்றுக்கும் அந்தத் திருப்பம் உண்டு. காம்பை முறித்தால் வெள்ளைப் பால் வடியும். இவை எல்லாம் நான் பிறகு அறிந்தவை. அன்று காரின் பின் இருக்கையில் அந்தச் சாடிக்கு அப்பா இருக்கைப்பட்டி போட்டுவிட்டார் என்பதுதான் எனக்குத் தெரியும்.

செடி பின்வேலியில் ஏறியது. மூன்றாம் கோடையில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்கு ஒரு சிறு கூடை பூ கொண்டுபோகத் தொடங்கினார். அப்பா தண்டு வெட்டிப் பதியம் போட்டுத் தயிர்ப் பெட்டிகளில் வளர்த்தார். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. செவன் கிங்ஸில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோனார்.

பிறகு என் மகன் பிறந்தான். நான் பயந்த தாய். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு இது செய்தியும் இல்லை. திராட்சைப் பழத்தை நான்காக வெட்டிவிட்டு, எட்டாக வெட்டியிருக்கலாமோ என்று யோசிப்பவள். அவனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, அம்மா வீட்டுப் பின்வளவில் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் வேலியடியில் இருந்து நடந்து வருகிறான். வாய் நிறையப் பூ. உதட்டில் வெள்ளையாகப் பால்.

வாயைத் திறந்து வழித்தெடுத்தேன். மருத்துவ உதவித் தொலைபேசிக்கு அழைத்தேன். என்ன செடி என்று கேட்டார்கள், ஜாஸ்மின் என்றேன். தண்ணீர் கொடுங்கள், கவனித்துக்கொண்டிருங்கள் என்று அமைதியாகச் சொன்னார்கள். எனக்கு அந்த அமைதி போதவில்லை. செடியின் அடியில் இன்னும் கிடந்த கடைச் சீட்டைப் பார்த்து, அதில் இருந்த தாவரப் பெயரைத் தொலைபேசியில் தேடினேன். முதல் வரியிலேயே குடும்பப் பெயர் வந்தது. அலரி எந்தக் குடும்பமோ அதே குடும்பம். நான் அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அலரி என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன என்று இங்கே விளக்கத் தேவையில்லை. அதன் காயால் உயிர் போனவர்கள் இல்லாத ஊர் இல்லை, அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அப்பாவிடம் சொன்ன வசனம் இது:

"என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை அலரியை நட்டு வைச்சிருக்கிறீங்கள் அப்பா."

"அலரியோ?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். நான் தொலைபேசியை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. கொட்டிலுக்குப் போய் மரம் அறுக்கும் வாளை எடுத்து வந்தார். அடியோடு அறுத்து, வேரைக் கிண்டி எடுத்து, கடைசி இலை வரைக்கும் கூட்டி அள்ளிக் கவுன்சிலின் தோட்டக்கழிவுத் தொட்டியில் போட்டார். மண்வெட்டியைக் கழுவினார். வளவில் கிடந்த விளையாட்டுச் சாமான்களை எல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். குளித்து உடுப்பு மாற்றிவிட்டு வந்துதான் பிள்ளையைத் தொட்டார். இவ்வளவு ஏன் என்று எனக்கே தோன்றியது. அவனோ அதற்குள் பிஸ்கட் கேட்டு அழத் தொடங்கிவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று பின்னேரமே நான் அந்தச் செய்தியைக் குழுவில் போட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். நன்றி சொல்லிப் பதில்கள் வந்தன. வெட்டிய செடியைப் படமெடுத்தும் சிலர் அனுப்பினார்கள். அப்பாவும் அந்தக் குழுவில் இருந்தார். அவரும் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

ஒரு மாதம் கழித்து ஒரு பிறந்தநாள் விழாவில் அப்பா பலகாரத் தட்டை நீட்டினார். செவன் கிங்ஸ் மாமா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அத்தான் தாறதைப் பாத்து வாங்குங்கோ. போனமுறை மல்லிகை எண்டு சொல்லி அலரி தந்தவர்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "உனக்கு ரெண்டு தந்தனான், நீ இன்னும் நிண்டு கதைக்கிறாய்" என்றார். பிறகு அந்தத் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துக் கதிரைகளை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். அன்று அவர் வேறு யாருக்கும் பலகாரம் கொடுக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததைப் பெரிதாக எடுக்கவில்லை.

மாமா இந்தப் பக்கத்தை அச்சுக்கு முன் வாசித்தார். "நினைவு மலரிலை உதெல்லாம் எழுதுறதே பிள்ளை?" என்று முதலில் கேட்டார். பிறகு, "எழுது. நான் சொன்னனான்தானே" என்றார். அவருக்கு நன்றி.

ஒக்டோபரில், அம்மா வீட்டுப் பக்கத்து வீட்டு சேகர் அங்கிள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். அவர் மதுரைக்காரர். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே கணினி வேலை செய்கிறவர்.

"ஏம்மா, அண்ணன் அந்தக் கொடியை வெட்டிட்டாரு? நல்லா வந்திருந்துச்சே."

"அது அலரிக் குடும்பம் அங்கிள். நஞ்சு."

"அரளிக் குடும்பம் சரிதான். நஞ்சுன்னு யார் சொன்னா?"

நான் தொலைபேசியில் பார்த்ததைச் சொன்னேன். முழுசாப் படிச்சியாம்மா என்று கேட்டார்.

"நந்தியாவட்டையும் அதே குடும்பம்தான். எங்க ஊர்ல கண்ணு எரிஞ்சா அந்தப் பூவைத்தான் கண்ணு மேல வச்சுக் கட்டுவாங்க. ஒரு வீட்டுல ஒருத்தன் ரவுடின்னா, பாட்டி வரைக்கும் புடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வைப்பீங்களா? இந்தச் செடியில பால் வரும், கையில பட்டா சிலருக்கு அரிக்கும். பூவைத் தின்னா கசக்கும், துப்பிடுவான். அவ்வளவுதாம்மா."

"அப்ப மல்லிகை இல்லை எண்டு முதலே தெரியுமோ உங்களுக்கு?"

"மதுரைக்காரனைப் பாத்து கேக்குற கேள்வியா இது? மொத நாளே தெரியும். அண்ணன் சாடியைத் தூக்கி வேலி மேல வச்சு, 'சேகர், மல்லிகை' அப்படின்னாரு. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிம்மா இல்லைன்னு சொல்றது?"

அப்பாவிடம் நீங்கள் சொல்லவேண்டாம், நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அன்றே வீட்டுக்குப் போய் மிச்சத்தையும் வாசித்தேன். அவர் சொன்னது சரி. நான் நிறுத்திய வரிக்குக் கீழே, ஒரு விரல் தள்ளினால் தெரிந்திருக்கும் இடத்தில், எல்லாம் எழுதியிருந்தது.

சொல்லவில்லை. முதலில் வெட்கம். செடியைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், குளிர்காலத்தில் நடக்கூடாது என்றார்கள், வசந்தம் வரட்டும் என்று விட்டேன். பிறகு, இப்போது சொன்னால் வெட்டியதை நினைத்து வருத்தப்படுவாரே என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் பேரனுக்கு நஞ்சு வைத்தேனே என்று வருத்தப்படுவாரே என்றும் யோசித்தேன். எந்த வருத்தம் சின்னது என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜனவரியில் அப்பாவின் இதயம் பழுதடைந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். தாதிகளிடம் ஒவ்வொருவரும் எந்த பஸ்ஸில் வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்டுவைத்திருந்தார். பாதை திருப்பிவிடப்பட்ட நாட்களில் அவர்களுக்கு முதலில் செய்தி சொன்னவர் அப்பாதான். ஒருநாள் மத்தியானம் அவரும் நானும் மட்டும் இருந்தபோது தொடங்கினேன்.

"அப்பா, அந்தச் செடி..."

"எந்தச் செடி?"

"வேலியிலை நிண்டது."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அதை விடு. குட்டி சாப்பிட்டவனே?"

"ஓம் அப்பா."

"என்ன சாப்பிட்டவன்?"

சோறும் பருப்பும் என்றேன். மீன் கொடுக்கத் தொடங்கு, முள்ளுப் பார்த்துக் கொடு என்றார். முள்ளைப் பற்றி நாங்கள் நிறைய நேரம் கதைத்தோம். எனக்குத் தெரிந்த மீன்களையும் அவருக்குத் தெரிந்த மீன்களையும் வரிசைப்படுத்தி, எதில் முள் குறைவு என்று பார்த்தோம். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். மறுநாள் அவரால் கதைக்க முடியவில்லை. நான்காம் நாள் அப்பா எங்களை விட்டுப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்திருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து ஸ்ட்ரெதம் மாமியை நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். சட்டிகளை உள்ளே வைக்கப் போனபோது பின்யன்னலால் பார்த்தேன். மதில் நிறைய அந்தக் கொடி. குளிருக்கு இலைகள் சிவந்திருந்தன, ஆனால் ஒன்றும் உதிரவில்லை.

"நான் அனுப்பின செய்தியை நீங்கள் பாக்கேல்லையோ மாமி?"

"பாத்தனான்."

"பிறகேன் வெட்டேல்லை?"

"அலரி எதெண்டு எனக்குத் தெரியாதோ பிள்ளை?" என்றார் மாமி.

கதிரையில் இருக்கச் சொன்னார். தானும் இருந்தார். அவர்களின் கடைசித் தங்கைக்கு அப்போது நான்கு வயது. மாமிக்கு ஆறு. அப்பாவுக்கு ஒன்பது. வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் அலரி நின்றது. பெரியவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள், இருவரையும் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் தெருவில் பெடியங்களோடு விளையாடப் போய்விட்டார்.

"தேங்காய்ச் சிரட்டையிலை மண்ணைப் போட்டு, அலரிக்காயை உடைச்சுக் கறி எண்டு வைச்சு விளையாடினனாங்கள். நான் வாயிலை வைக்கிறமாதிரிச் சும்மா காட்டினன். அவள் சின்னன். நான் மெய்யாச் சாப்பிடுறன் எண்டு நினைச்சிட்டாள்."

அப்பாதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். வழியில் யாரோ சைக்கிளில் ஏற்றியும் போனார்களாம். பலனில்லை. அதன் பிறகு எங்கள் அப்பா அந்தச் சொல்லையே வாயில் எடுக்கவில்லை. நான் அவருக்கு முன்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னபோது, அவருக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தேன். நான் செய்ததை எல்லாம் மாமியிடம் சொன்னேன். பிழையாக வாசித்ததை, சேகர் அங்கிள் சொன்னதை, சொல்லாமல் விட்டதை. நஞ்சை நட்டோம் என்று நினைத்துக்கொண்டே அப்பா போய்விட்டார் மாமி என்றேன்.

"ஆர் சொன்னது?" என்றார் மாமி. "அண்டைக்குப் பின்னேரமே எனக்குப் போன் எடுத்தவர். அண்ணை, உது அலரி இல்லை, அலரிக்கு இலை நீட்டு, நீயும் நானும் பாக்காத அலரியே எண்டு கேட்டன். 'தெரியும்' எண்டார்."

"தெரியுமோ?"

"தெரியும் எண்டார். அப்ப ஏன் வெட்டினனீ எண்டு கேட்டன். 'பிள்ளை பயந்துபோனாள். நிண்டு கதைச்சால் நான் வெல்லுவன். வெண்டு என்ன செய்ய? அவள் இஞ்ச வந்து வேலியைப் பாத்துப் பாத்தெல்லோ இருக்கப்போறாள்' எண்டார்." மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "பிறகு சொன்னார், 'அவள் பயப்பிடட்டும். அண்டைக்கு எனக்கு அந்தப் பயம் இருந்திருந்தால்' எண்டு. அதோடை போனை வைச்சிட்டார்."

அப்பா போய்விட்ட இந்த ஓராண்டில் நான் அந்த வசனத்தைப் பலமுறை நினைத்திருக்கிறேன். பயப்படுகிறேன் என்பதற்காக என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தெரிகிறது. அதே நேரம், எனக்குத் தெரியவந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்ததா, நான் வந்து சொல்வேன் என்று காத்திருந்தாரா, ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த அந்தச் சற்று நேரத்தில் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. மாமிக்கும் தெரியாது. அதைத் தெரியாமலே வைத்திருக்கப் பழகிக்கொள்கிறேன். ஆனால் மாமாவின் பகிடிக்கு அவர் சேர்ந்து சிரித்த அந்த நாளில், தன் பெயரைக் காப்பாற்ற ஒரு வசனம் அவர் கையில் இருந்தது. சொல்லியிருந்தால் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. அந்த வசனத்தை அவருக்காக நான் இங்கே எழுதுகிறேன். அந்தச் செடி அலரிக்குச் சொந்தம், அது உண்மை. சொந்தம் என்பதால் அது அலரி ஆகிவிடவில்லை. அதை மல்லிகை என்று அப்பா சொன்னது தவறு, நஞ்சு என்று நான் சொன்னது அதைவிடப் பெரிய தவறு.

அப்பாவின் கடைசி நாட்களில் உதவிய ஒவ்வொருவரையும் இங்கே நினைக்கிறேன். இதயப் பிரிவின் தாதியருக்கும் மருத்துவர்களுக்கும், சீருடையோடு வந்து இறுதி ஊர்வலத்தில் நின்ற பஸ் டிப்போ நண்பர்களுக்கும், சுவிஸிலிருந்து வந்து பத்து நாள் அம்மாவோடு தங்கிய உறவுகளுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்த கட்ஃபோர்ட் அயலவர்களுக்கும், குருக்கள் ஐயாவுக்கும், என்னை விட்டுக்கொடுக்காத என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனக்குத் தெரிந்ததைப் பேசாமல் வைத்திருந்ததற்கும் பிறகு பேசியதற்கும் சேகர் அங்கிளுக்கு நன்றி. என் செய்தியைப் பார்த்தும் கேட்காமல் விட்ட மாமிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாமி வீட்டுக் கொடியில் இருந்து சென்ற கோடையில் இருபது தண்டுகள் வெட்டி வைத்தேன். அப்பா வைத்தால் இருபதும் பிடித்திருக்கும். எனக்குப் பதினான்கு பிடித்தன. மண்டப வாசலில், இந்த மலர்கள் அடுக்கியிருக்கும் மேசைக்குக் கீழே, அவை சாடிகளில் இருக்கின்றன. நான் வெட்டச் சொன்ன வீட்டார் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரியில் அதில் பூ இராது, இலை சிவந்திருக்கும், செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். வெயில் படும் மதிலாகப் பார்த்து வையுங்கள். மூன்றாம் கோடையில் பூக்கும். கிளை வெட்டும்போது வரும் பாலைக் கையில் படவிடாதீர்கள், பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளியே நிற்க விடுங்கள்.